மயங்க வைத்தலும் இரட்டுற மொழிதலும்: ஆங்கில அறிவியல் எழுத்தில் சொல் விளையாட்டின் வரலாறு

1. முன்னுரை: குற்றமும் உத்தியும்

நூல் எழுதுபவர் விலக்க வேண்டிய குற்றங்கள் பத்து என்கிறது நன்னூல். அவற்றுள் ஒன்று மயங்க வைத்தல்: இதுவா அதுவா என்று படிப்பவர் திகைக்கும்படி எழுதுவது. அதே பாயிரம் நூலுக்குரிய 32 உத்திகளையும் அடுக்குகிறது. அவற்றுள் ஒன்று இரட்டுற மொழிதல்: ஒரு சொல்லில் இரு பொருள் தங்கும்படி எழுதுவது. ஆக, ஒரு சொல் இரு பொருள் தருவது ஓரிடத்தில் குற்றம், வேறோரிடத்தில் உத்தி. நன்னூல் ஆசிரியர் பவணந்தியார் இரண்டையும் ஒரே பாயிரத்தில் வைத்துவிட்டார். இடையில் உள்ள கோடு எங்கே ஓடுகிறது என்பதைப் படிப்பவர்தான் கண்டுகொள்ள வேண்டும்.

ஆங்கில அறிவியல் எழுத்தில் அந்தக் கோடு 17ஆம் நூற்றாண்டு தொடங்கி எப்படியெல்லாம் இடம் மாறியது என்பதே இக்கட்டுரையின் பொருள். பாடநூல் வழியே ஆங்கிலம் கற்ற ஒருவர் ஆய்விதழைப் புரட்டும்போது துறைச்சொற்களில் தடுக்கி விழுவது குறைவு. அவற்றுக்கு அகராதி உண்டு. ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் தெரிந்தும் தலைப்பு மட்டும் பிடிபடாத கட்டுரைதான் அவரைத் திணறடிக்கிறது. பழ ஈயின் மரபணுவுக்கு ஏன் முள்ளெலியின் பெயர்? குடல் வாயுவைப் பற்றிய கட்டுரையில் பாடகர் பாப் டிலனுக்கு என்ன வேலை?

இந்த விளையாட்டுகளை வகைப்படுத்தத் தண்டியலங்காரத்தின் பாகுபாடே போதும். சொல்லைப் பிரிக்காமலே இரு பொருள் தந்தால் செம்மொழிச் சிலேடை; பிரித்துப் படிக்கும்போது வேறு பொருள் வந்தால் பிரிமொழிச் சிலேடை. இரண்டும் எழுதுபவர் அறிந்து செய்பவை. இவற்றோடு மூன்றாவது ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்: எழுதியவர் ஒரு பொருளை மட்டும் கருத, படித்தவர் மனத்தில் வேறொரு பொருள் வந்து உட்கார்ந்துகொள்வது. முதல் இரண்டும் உத்தி, மூன்றாவது குற்றம் என்று சொல்லத் தோன்றும். வரலாறு அவ்வளவு ஒழுங்காக நடக்கவில்லை.

2. எளிய நடைச் சபதமும் எழுத்துப் பூட்டும்

ஆங்கில அறிவியல் எழுத்து பிறந்ததே சொற்களின் மேல் கொண்ட ஐயத்தோடுதான். பிரான்சிஸ் பேக்கன் 1620இல் லத்தீனில் வெளியிட்ட நூலில், மனித அறிவை ஏமாற்றும் பொய்த்தெய்வங்களை நான்காகப் பிரித்தார். அவற்றுள் சந்தையின் பொய்த்தெய்வங்கள் என்று அவர் சொன்னவை நாம் அன்றாடம் புழங்கும் சொற்களே. 1660இல் லண்டனில் ராயல் சொசைட்டி உருவாயிற்று. அதன் வரலாற்றை 1667இல் எழுதிய தாமஸ் ஸ்பிராட், சங்கத்தார் அலங்கார நடையைக் கைவிட்டு, பொருள் எத்தனையோ சொல்லும் அத்தனையே என்னும் கணிதத் தெளிவை நோக்கித் திரும்பிவிட்டதாகப் பெருமைப்பட்டார். 1690இல் ஜான் லாக், மனித அறிவு குறித்த தம் நூலின் மூன்றாம் பகுதி முழுவதையும் சொற்களுக்கே ஒதுக்கி, அறிவு தேடும் இடத்தில் அணிநடை ஏமாற்று வேலை என்று கண்டித்தார்.

சபதம் எடுத்தவர்கள் அதே காலத்தில் எழுத்துகளை வைத்து விளையாடவும் செய்தார்கள். ராயல் சொசைட்டியின் சோதனைப் பொறுப்பாளரான ராபர்ட் ஹூக், 1676இல் சூரியனைப் பார்க்கும் கருவிகளைப் பற்றி எழுதிய நூலில், சுருள்வில்லின் விதி என்று சொல்லி 14 எழுத்துகளை அகர வரிசையில் அடுக்கி வைத்தார். அவற்றுக்குச் சொல்லும் இல்லை, பொருளும் இல்லை. 1678இல் அவரே புதிரை அவிழ்த்தார்: எழுத்துகளை மாற்றி அடுக்கினால் 'ஊட் டென்சியோ சிக் விஸ்' என்ற லத்தீன் தொடர் வரும். நீட்சி எவ்வளவோ விசையும் அவ்வளவு என்பது அதன் பொருள். இன்று பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் ஹூக் விதி இதுதான். நியூட்டனும் அதே 1676இல் லைப்னிட்ஸுக்குச் சேரவேண்டிய கடிதத்தில் தம் நுண்கணித முறையை இப்படி எழுத்துக்குவியலாக மறைத்து அனுப்பினார்.

நோக்கம் வேடிக்கை அன்று. கண்டுபிடிப்பைச் சொல்லாமலே, 'இது முதலில் என்னுடையது' என்று பதிவுசெய்ய அவர்களுக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. இங்கே எழுத்து விளையாட்டு ஒரு பூட்டு. சாவி எழுதியவர் மடியில் இருந்தது. சாவி இல்லாதவர் தாமே திறக்கப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு கெப்ளரே சான்று. 1610இல் சனிக்கோளின் வடிவம் பற்றிக் கலிலியோ அனுப்பிய எழுத்துப் புதிரை அவர், செவ்வாய்க்கு இரண்டு நிலவுகள் என்று அவிழ்த்தார். அந்தப் புதிரில் அது தவறான விடை. ஆனால் செவ்வாய்க்கு இரண்டு நிலவுகள் இருப்பது 1877இல் தெரியவந்தது.

3. கேம்பிரிட்ஜின் குழூஉக்குறி

ஆய்விதழ்கள் பெருகி, முன்னுரிமையைப் பதிவுசெய்ய வேறு வழிகள் வந்தபின் பூட்டுக்கு வேலை இல்லாமல் போயிற்று. 19ஆம் நூற்றாண்டில் சொல் விளையாட்டு வேறொரு வேலையை ஏற்றது. நன்னூல் அதற்கும் பெயர் வைத்திருக்கிறது: குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதுபோல, ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்கும் சொல்.

1812இல் கேம்பிரிட்ஜ் மாணவர்கள் சிலர் அனலிட்டிக்கல் சொசைட்டி என்ற சங்கத்தைத் தொடங்கினர். சார்லஸ் பாபேஜ், ஜான் ஹெர்ஷல், ஜார்ஜ் பீகாக் ஆகியோர் அதில் முன்னின்றனர். நுண்கணிதத்தில் நியூட்டன் வழியில் எழுத்தின் தலையில் புள்ளி வைத்து எழுதுவதையே பல்கலைக்கழகம் பிடித்துக்கொண்டிருந்தது. ஐரோப்பாவின் பிற நாடுகளிலோ லைப்னிட்ஸ் வகுத்த 'டி' என்ற எழுத்தைக் கொண்டு கணிதம் வெகுதூரம் போய்விட்டிருந்தது. தங்கள் வெளியீட்டுக்குப் பாபேஜ் குறும்பாக ஒரு தலைப்பை முன்மொழிந்தார்: பல்கலைக்கழகத்தின் 'டாட்-ஏஜ்'ஜை எதிர்த்துத் தூய 'டீ-இசம்' நாட்டுவது என்பது அதன் சாரம்.

இதைச் சற்று நின்று பிரித்துப் பார்க்கலாம். 'டாட்' என்றால் புள்ளி, 'ஏஜ்' என்றால் காலம்; புள்ளிக் காலம். சேர்த்து எழுதினால் 'டோட்டேஜ்', அதாவது வயதாகி அறிவு தளர்ந்த நிலை. 'டீ-இசம்' என்பது 'டி' எழுத்தின் கொள்கை. சேர்த்து எழுதினால் 'டீயிசம்', அதாவது வேத வெளிப்பாட்டை விலக்கிப் பகுத்தறிவால் மட்டும் கடவுளை ஏற்கும் கோட்பாடு. ஆங்கிலிக்கத் திருச்சபையின் பிடியில் இருந்த கேம்பிரிட்ஜில் டீயிசம் என்றாலே முகம் சுளிப்பார்கள். ஒரே தொடருக்குள் இரண்டு பிரிமொழிச் சிலேடைகள். ஒன்று ஆசிரியர்களைக் கிழவர்கள் என்கிறது. மற்றொன்று தங்களையே சமயத் துரோகிகள் என்று சொல்லிக்கொள்கிறது. கணிதமும் சமயப் பூசலும் ஒருங்கே அறிந்தவருக்குத்தான் இதில் சிரிப்பு வரும். சங்கத்தின் காரியமும் நடந்தது. 1816இல் பிரெஞ்சுக் கணிதர் லாக்ருவாவின் பாடநூலை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார்கள். 1817இல் பீகாக் தேர்வாளரானபோது 'டி' கேள்வித்தாளுக்குள் நுழைந்தது.

அரை நூற்றாண்டு கழித்து இதே குழூஉக்குறி ஒரு கையொப்பமாயிற்று. வெப்ப இயக்கவியல் பற்றி இயற்பியலாளர் பீட்டர் டேட் 1868இல் வெளியிட்ட நூலில் ஒரு சமன்பாடு வருகிறது. இடப்பக்கம் வெப்பநிலையோடு அழுத்தம் மாறும் வீதம். வாயால் படித்தால் 'டி.பி. பை டி.டி.'. வலப்பக்கம் ஜே, சி, எம் என்ற மூன்று அளவுகளின் பெருக்கல். ஜே, சி, எம் என்பவை ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் என்ற பெயரின் முதலெழுத்துகள். வலமும் இடமும் சமம் என்றால் மேக்ஸ்வெல்லும் 'டி.பி. பை டி.டி.'யும் ஒன்றுதானே. டேட்டுக்கு எழுதிய அஞ்சலட்டைகளிலும், 'நேச்சர்' இதழில் வெளியிட்ட வேடிக்கைப் பாடல்களிலும் மேக்ஸ்வெல் அப்படியே ஒப்பமிட்டார். அந்த நண்பர் வட்டத்தில் இயற்பியலாளர் வில்லியம் தாம்சன் 'டி' (T); டேட் ஒற்றைக் கோடிட்ட 'டி'; இவர்களுக்கு ஆகாத ஜான் டிண்டல் இரட்டைக் கோடிட்ட 'டி'. கணக்கில் விட்டுவிடத்தக்க இரண்டாம் வரிசைச் சிற்றளவு என்பது அந்த இரட்டைக் கோட்டில் ஒளிந்திருந்த குத்தல்.

4. கருதாத இரண்டாம் பொருள்

மேக்ஸ்வெல் அஞ்சலட்டையில் விளையாடிய காலத்தில், விளையாட்டே இல்லாத ஓர் இரட்டைப் பொருளோடு டார்வின் போராடிக்கொண்டிருந்தார். 1859இல் வெளிவந்த நூலின் மையச் சொல் 'நேச்சுரல் செலக்ஷன்', இயற்கைத் தேர்வு. புறா வளர்ப்பவர் நல்ல சோடியைத் தேர்ந்து இனம் பெருக்குவதிலிருந்து அந்தச் சொல்லை எடுத்திருந்தார். தேர்வு என்றால் தேர்ந்தெடுப்பவர் யார் என்ற கேள்வி உடனே கிளம்பிற்று. 1861இன் மூன்றாம் பதிப்பில், அது உருவகம்தான், வேதியியலாரும் இப்படிப் பேசுவதுண்டு என்று டார்வின் விளக்கம் சேர்த்தார். 1866 ஜூலையில் இயற்கையியலாளர் வாலஸ் கடிதம் எழுதி, ஹெர்பர்ட் ஸ்பென்சர் 1864இல் ஆக்கிய வேறொரு தொடரைப் பயன்படுத்தச் சொன்னார். 1869இன் ஐந்தாம் பதிப்பில் அது இடம்பெற்றது: 'சர்வைவல் ஆஃப் தி ஃபிட்டெஸ்ட்'.

ஒரு மயக்கத்தைத் தீர்க்க வந்த தொடர் இன்னொரு மயக்கத்தைக் கூட்டிவந்தது. 'ஃபிட்' என்றால் பொருந்துவது. சூழலுக்குப் பொருந்தியது பிழைக்கும் என்பதே கருத்து. ஆனால் 'ஆள் ஃபிட்டா இருக்கார்' என்று நாமே சொல்வதுபோல, உடற்கட்டு என்ற பொருளும் அதற்குண்டு. வலியவன் வாழ்வான் என்ற அரசியல் முழக்கம் அந்த இரண்டாம் பொருளில் ஏறிப் போயிற்று. தமிழில் இதைத் 'தக்கன பிழைத்தல்' என்று சொன்னவர் ஆங்கிலச் சொல்லின் ஒரு பொருளைத் தேர்ந்து மற்றதைக் கழித்துவிட்டார். 'வலியன வாழும்' என்று சொன்னவர் கழிக்க வேண்டியதைத் தேர்ந்துவிட்டார். மொழிபெயர்ப்பாளர் மூலத்தின் மயக்கத்தை அப்படியே கடத்த முடியாது. ஒரு பக்கம் சாய்ந்தே ஆகவேண்டும்.

புள்ளியியலில் 'சிக்னிஃபிகன்ட்' என்ற சொல்லுக்கும் இதே கதி. ரொனால்ட் ஃபிஷர் 1925இல் ஆய்வாளர்களுக்காக எழுதிய கையேட்டுக்குப்பின் அது ஆய்வகந்தோறும் புழங்கிற்று. இந்த முடிவு தற்செயலாக வந்திருக்க வாய்ப்பு குறைவு, இதில் ஏதோ செய்தி இருக்கிறது என்பது அதன் துறைப்பொருள். முக்கியமானது, பெரியது என்பது அன்றாடப் பொருள். ஒரு மருந்து இரத்த அழுத்தத்தை மிகச் சிறிதளவே குறைத்தாலும், சோதிக்கப்பட்டவர் தொகை பெரிதானால் அது 'சிக்னிஃபிகன்ட்' ஆகிவிடும். நாளிதழில் அதையே 'குறிப்பிடத்தக்க முன்னேற்றம்' என்று படிக்கிறோம். அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் 2016இல் இதுபற்றி எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டது. 2019இல் அதன் இதழின் தலையங்கம் அந்தச் சொல்லையே கைவிடலாம் என்று எழுதியது.

5. பட்டறையில் பிறந்த பெயர்கள்

20ஆம் நூற்றாண்டில் சொல் விளையாட்டு அஞ்சலட்டையை விட்டு அறிவியலின் பெயர்ப்பட்டியலுக்குள் நுழைந்தது. 1942 டிசம்பரில் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் போர்க்கால ஆய்வில் இருந்த இருவர், அணுக்கருவின் குறுக்குப்பரப்பை அளக்க ஓர் அலகு தேடி 'பார்ன்' என்று பெயரிட்டனர். பார்ன் என்றால் தானியக் களஞ்சியம். குறி தவறுபவரை, பார்னின் சுவரைக்கூட அடிக்கத் தெரியாதவர் என்று ஆங்கிலத்தில் கேலி செய்வார்கள். அலகின் அளவோ 10இன் அடுக்கு மைனஸ் 24 சதுர சென்டிமீட்டர். அணுவுலகில் அது களஞ்சியம் போலப் பெரிது என்பதே சிரிப்பு.

இக்காலச் சிலேடைகளில் மிகத் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது ஒரு பூச்சி. 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டின் மார்க் 2 கணினியில், 70ஆம் எண் ரிலேயில் ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. அதை எடுத்துப் பதிவேட்டில் நாடாவால் ஒட்டிய பணியாளர்கள், உண்மையான 'பக்' அகப்பட்டது இதுவே முதல்முறை என்று பக்கத்தில் குறித்தார்கள். பின்னாளில் இந்தக் கதையைச் சுவைபடச் சொல்லிப் பரப்பியவர் கணினியியலாளர் கிரேஸ் ஹாப்பர். கணினிப் பிழைக்குப் 'பக்' என்ற பெயர் இந்தப் பூச்சியால் வந்தது என்று பலர் நம்புகிறார்கள். குறிப்பைக் கூர்ந்து பார்த்தால் கதை தலைகீழ். பொறியாளர் வழக்கில் கோளாறுக்குப் 'பக்' என்ற பெயர் முன்பே இருந்தது. எடிசனின் 1878ஆம் ஆண்டுக் கடிதத்திலேயே அது வருகிறது. இத்தனை நாளும் உருவகமாகச் சொன்ன பூச்சி இன்று உடலோடு வந்து நின்றதே என்பதுதான் சிரிப்பு. 'உண்மையான' என்ற ஒரு சொல்லைக் கவனிக்காமல் விட்டால் சிலேடை மறைந்து, தவறான சொற்பிறப்பு மட்டும் மிஞ்சும். தமிழ்க் கணிமையாளர் இதற்கு 'வழு' என்று இலக்கணச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். பொருள் துல்லியமாக வந்தது, பூச்சி பறந்துவிட்டது.

அடுத்த ஆண்டே சிலேடை ஆய்வுக் கட்டுரையின் ஆசிரியர் வரிசையில் ஏறிற்று. ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் காமோவின் மாணவர் ரால்ப் ஆல்ஃபர், பெருவெடிப்பின் வெப்பத்தில் தனிமங்கள் உருவான வகையைக் கணக்கிட்டிருந்தார். ஆல்ஃபர், காமோ என்று இருவர் பெயரைப் பார்த்த காமோவுக்கு நடுவில் ஒரு பெயர் குறைவதாகப் பட்டது. கட்டுரையில் பங்கே இல்லாத நண்பர் ஹான்ஸ் பெத்தேயின் பெயரை இடையில் செருகினார். ஆல்ஃபர், பெத்தே, காமோ: கிரேக்க நெடுங்கணக்கின் ஆல்ஃபா, பீட்டா, காமா. 'பிசிக்கல் ரிவ்யூ' இதழின் 1948 ஏப்ரல் 1ஆம் தேதி இதழில் அது வெளிவந்தது. தனிமங்களின் தொடக்கத்தைப் பற்றிய கட்டுரைக்கு எழுத்துகளின் தொடக்கமே ஆசிரியர் வரிசை. உடன் உழைத்த ராபர்ட் ஹெர்மன் தம் பெயரை 'டெல்ட்டர்' என்று மாற்றிக்கொள்ள மறுத்துவிட்டார் என்று காமோ கேலி செய்தார்.

உயிரியலில் ஒரு குடும்பப் பெயரே திசையாகப் பெருகிற்று. 1975இல் எட்வின் சதர்ன், டி.என்.ஏ. துண்டுகளை ஒற்றியெடுத்துக் கண்டறியும் முறையை வெளியிட்டார். அது 'சதர்ன் பிளாட்' ஆயிற்று. சதர்ன் என்றால் தெற்கத்திய என்றும் பொருள். 1977இல் ஸ்டான்ஃபோர்டில் ஆர்.என்.ஏ.வுக்கு அதே முறை வந்தபோது அதற்கு 'நார்தர்ன்', அதாவது வடக்கத்திய என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. 1981இல் நீல் பர்னெட், புரதத்துக்கான முறைக்கு 'வெஸ்டர்ன்' என்று பெயரிட்டார். அவர் பணியாற்றியதும் அமெரிக்க மேற்குக் கரையில். பல இதழ்கள் இன்றும் சதர்னுக்கு மட்டும் பெரிய எழுத்திட்டு, மற்றவற்றைச் சிறிய எழுத்தில் அச்சிடுகின்றன. முதலாவது மனிதர், மற்றவை வெறும் திசைகள் என்பதற்கு அந்த ஓர் எழுத்தே சான்று. 

உயிரினப் பெயரிடலில் விளையாட்டு செவியையும் சார்ந்தது. 1993இல் ஒரு குளவிக்கு இடப்பட்ட 'ஹீர்ஸ் டூயா' என்ற பெயர் பார்வைக்கு லத்தீன். வாய்விட்டுப் படித்தால், கோப்பையைத் தூக்கி 'உன் நலத்துக்கு' என்று ஆங்கிலேயர் சொல்லும் வாழ்த்து. 1977இல் ஆர்னால்ட் மென்கே ஓர் ஆஸ்திரேலியக் குளவிக்கு 'ஆஹா ஹா' என்றே பெயரிட்டுவிட்டார். அதைப் புரிந்துகொள்ள எந்த மொழியும் தேவையில்லை.

6. தலைப்புக் கலை

1970களுக்குப்பின் சிலேடை கட்டுரைத் தலைப்பில் குடியேறிற்று. ஆய்விதழ்கள் பெருகிய காலம். பொருளடக்கத்தில் ஓடும் கண்ணைத் தலைப்புதான் நிறுத்த வேண்டும். இதன் பெரும் கைகாரர் தொல்லுயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்ட். 'நேச்சுரல் ஹிஸ்டரி' இதழில் 1974 முதல் 2001 வரை 300 கட்டுரைகள் எழுதினார். 1993இல் வந்த அவரது தொகுப்பின் பெயர் 'எய்ட் லிட்டில் பிக்கீஸ்', எட்டுக் குட்டிப் பன்றிகள். உள்ளே பன்றியைத் தேடினால் கிடைக்காது. குழந்தையின் கால்விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, ஒவ்வொரு விரலும் ஒரு குட்டிப்பன்றி என்று சொல்லும் ஆங்கிலக் குழந்தைப்பாட்டு விளையாட்டு ஒன்று உண்டு. நம் வீடுகளில் குழந்தையின் உள்ளங்கையில் பருப்புக் கடைந்து விரல் விரலாகப் பங்கு வைப்பது போன்றது. அந்த விளையாட்டில் பன்றிகள் ஐந்து. அதே பெயருள்ள கட்டுரையில் கூல்ட் எழுதியதோ, கிரீன்லாந்தில் கிடைத்த அகாந்தோஸ்டெகா என்ற சுமார் 36 கோடி ஆண்டுப் பழைய நாற்கால் விலங்கைப் பற்றி. அதன் முன்காலில் எட்டு விரல்கள் இருந்ததை 1990இல் கோட்ஸ், கிளாக் இருவரும் காட்டினர். ஐந்து விரல் என்பது மாறாத முதல் வடிவம் என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது. எட்டு என்ற ஒரே சொல்லால் கட்டுரையின் வாதம் முழுவதும் தலைப்பில் ஏறிவிட்டது. சிலேடை அலங்காரமாக நிற்காமல் வாதமாகவே வேலை செய்த இடம் இது.

சிலேடை ஆயுதமானதும் உண்டு. 1979இல் கூல்டும் ரிச்சர்ட் லெவான்டினும் வெனிஸ் நகரின் சான் மார்கோ தேவாலயத்தில் வளைவுகளுக்கிடையே விழும் முக்கோணப் பரப்புகளை, 'ஸ்பான்ட்ரல்'களை, உவமையாகக் கொண்டு ஒரு கட்டுரை எழுதினர். ஒவ்வோர் உறுப்பும் ஒரு பயனுக்காகவே தோன்றியது என்று எண்ணும் போக்கை அது தாக்கிற்று. அதை அச்சிட்டது ராயல் சொசைட்டியின் இதழ். ஸ்பிராட் எளிய நடைக்குச் சான்றாகக் காட்டிய அதே சங்கம். 1995இல் டேவிட் குவெல்லர் கொடுத்த மறுப்பின் தலைப்பில் ஸ்பான்ட்ரல்கள் 'ஸ்பானியல்கள்', அதாவது நாய்கள் ஆயின. புனித மாற்கு 'புனித மார்க்ஸ்' ஆனார். மூல ஆசிரியர்களின் மார்க்சியச் சாய்வுக்கு அது குட்டு. மூலத்தின் 'பாரடைம்', 'பாரடாக்ஸ்' ஆயிற்று. முதல் தலைப்பை மனத்தில் வைத்திராதவருக்கு இரண்டாவது வெறும் பிதற்றல்.

1997இல் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்து ஆய்வாளர்கள், நைட்ரிக் ஆக்சைடு வாயுவுக்கும் அழற்சிக்கும் உள்ள தொடர்பைப் பற்றி 'நேச்சர் மெடிசின்' இதழில் எழுதினர். மூச்சிலும் குடலிலும் அந்த வாயுவை அளக்கலாம் என்பது பொருள். விடை காற்றில் இருக்கிறது என்ற டிலனின் புகழ்பெற்ற பாடலைத் தலைப்பில் வைத்தனர். ஆங்கிலத்தில் 'விண்ட்' வீசும் காற்று. வயிற்றிலிருந்து வெளியேறுவதும் விண்ட். தமிழில் 'காற்றுப் பிரிதல்' என்று நாம் சொல்வதால் இந்தச் செம்மொழிச் சிலேடை அலுங்காமல் நம் மொழிக்கு வந்துவிடுகிறது. 2015இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட ஓர் ஆய்வு, டிலனை ஐயமறக் குறித்த உயிர்மருத்துவக் கட்டுரைகள் 213 என்று எண்ணிக் காட்டிற்று.

இத்தகைய தலைப்புகளால் பயன் உண்டா? 2008இல் சாகி, யெகியம் இருவரும் 1985 முதல் 1994 வரை இரு உளவியல் இதழ்களில் வந்த தலைப்புகளை ஆராய்ந்தனர். மிக வேடிக்கையானவை என்று மதிப்பிடப்பட்ட தலைப்புகள் குறைவாகவே மேற்கோள் காட்டப்பட்டிருந்தன. சூழலியல், பரிணாமவியல் கட்டுரைகளைக் கொண்டு பின்னர் நடந்த ஆய்வு இன்னொரு கோணத்தைக் காட்டிற்று: வேடிக்கைத் தலைப்பிட்ட கட்டுரைகளை எழுதியவர்களே குறைவாக மேற்கோள் காட்டுகிறார்கள், சிறிய வேலைக்கே சிரிப்புத் தலைப்பை ஒதுக்குகிறார்கள் போலும். அதைக் கழித்துக் கணக்கிட்டால், வேடிக்கை வாசகரை ஈர்க்கவே செய்கிறது.

7. அறையை விட்டு வெளியேறும் சொல்

பட்டறையில் பிறந்த பெயர் பட்டறையிலேயே இருந்தால் வழக்கில்லை. 1980இல் நியூஸ்லைன்-ஃபோல்ஹார்டும் வீஷாஸும் பழ ஈயின் வளர்ச்சி பற்றிய கட்டுரையில், புழுவின் உடலெங்கும் முட்கள் முளைக்கவைக்கும் ஒரு மரபணுத் திரிபுக்கு 'ஹெட்ஜ்ஹாக்', முள்ளெலி என்ற பெயரை அளித்தனர். இருவருக்கும் 1995இல் நோபல் கிடைத்தது. முதுகெலும்பிகளில் அதே மரபணுக் குடும்பம் 1993இல் கண்டறியப்பட்டபோது, இரண்டு உறுப்பினர்களுக்கு உண்மையான முள்ளெலி இனங்களின் பெயர்கள் போயின. மூன்றாவதற்கு செகா நிறுவனத்தின் வீடியோ விளையாட்டு நாயகன் சோனிக்கின் பெயர் போயிற்று.

'சோனிக் ஹெட்ஜ்ஹாக்' மரபணு பழுதானால், கருவில் முன்மூளை இரண்டாகப் பிரியாமல் போகக்கூடும். குழந்தையைப் பறிகொடுத்த பெற்றோரிடம் மருத்துவர் அந்தப் பெயரைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஈக்கூண்டுக்குப் பக்கத்தில் சிரிப்பை வரவழைத்த சொல் மருத்துவமனை அறையில் தொண்டையில் சிக்குகிறது. 2006இல் மனித மரபணுப் பெயர்க்குழு இத்தகைய பெயர்கள் சிலவற்றை மாற்ற முனைந்தது. 'லூனாட்டிக் ஃபிரிஞ்ச்', அதாவது பைத்தியக்கார விளிம்பு என்ற பெயர் பட்டியலிலிருந்து போய், எழுத்துச் சுருக்கம் மட்டும் நின்றது. சோனிக் இன்னும் இருக்கிறார். 2005இல் புற்றுநோயோடு தொடர்புடைய மரபணு ஒன்றுக்கு இடப்பட்ட 'போக்கிமான்' என்ற பெயரோ, விளையாட்டு நிறுவனம் வழக்குத் தொடுப்பதாகச் சொன்னதும் கைவிடப்பட்டது.

வெளியேறும் சொல் எதிராளி கையிலும் சிக்கும். 2009 நவம்பரில் பிரிட்டனின் கிழக்கு ஆங்கிலியாப் பல்கலைக்கழகக் காலநிலை ஆய்வாளரின் மின்னஞ்சல்கள் களவாடப்பட்டு வெளியாயின. 1999இல் எழுதிய ஓர் அஞ்சலில் 'ட்ரிக்' என்ற சொல் இருந்தது. ஆய்வாளர் வழக்கில் ட்ரிக் என்றால் சிக்கலைத் தீர்க்கும் கெட்டிக்காரத்தனமான வழி, தெருவழக்கில் தில்லுமுல்லு. விசாரணைகள் பல நடந்து தரவு மோசடி இல்லை என்று முடிந்தபின்னும் அந்தச் சொல் தீர்ப்பாகவே உலவிற்று. 2011இல் சாமர்வில், ஹசோல் இருவரும் 'பிசிக்ஸ் டுடே'யில் இப்படி இரு முகம் கொண்ட சொற்களைப் பட்டியலிட்டனர். 'பாசிட்டிவ் ஃபீட்பேக்' காலநிலையாளருக்குச் சூடு சூட்டைப் பெருக்கும் அபாயச் சுழல், அலுவலகத்தாருக்குப் பாராட்டு. கொரோனாக் காலத்தில் 'பாசிட்டிவ்' என்ற சொல் வீட்டையே கலங்க வைத்ததைப் பார்த்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

நூல் தலைப்புகளும் தப்பவில்லை. உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1976இல் மரபணுவைத் தன்னலக்காரன் என்றது, அதற்கு மனம் உண்டு என்று சொல்வதற்காக அன்று. தலைப்பை உள்ளபடியே எடுத்துக்கொண்டு தத்துவவாதி மேரி மிட்ஜ்லி 1979இல் கடுமையாக எழுதினார். டாக்கின்ஸ் 1981இல் மறுமொழி தந்தார். லியான் லெடர்மன் 1993இல் நூல் தலைப்பாக வைத்த 'காட் பார்ட்டிக்கிள்', பிடிபடாத ஹிக்ஸ் துகளின் மேல் ஓர் இயற்பியலாளர் கொண்ட எரிச்சலின் குறும்பு வடிவம்; வசைச்சொல்லின் பின்பாதியைப் பதிப்பகம் வெட்டிவிட்டது என்று அவரே வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். 2012 ஜூலை 4இல் ஹிக்ஸ் துகள் கண்டறியப்பட்ட செய்தி வந்தபோது, வசை போய்க் கடவுள் மட்டும் தமிழ் நாளிதழ்களுக்கு வந்துசேர்ந்தார்: 'கடவுள் துகள்'.

8. முடிவுரை

ஹூக் காலத்தில் சொல் விளையாட்டு பூட்டு, பாபேஜ், மேக்ஸ்வெல் காலத்தில் குழூஉக்குறி, 20ஆம் நூற்றாண்டின் பட்டறையில் பெயர், பின்னர் தலைப்பு. ஒவ்வொரு படியிலும் கேட்போர் கூட்டம் பெருகியது. அந்தந்த விளையாட்டுக்கு வேண்டிய பின்புலம் மட்டும் முன்போலவே சிறியதாக இருந்தது. குற்றத்துக்கும் உத்திக்கும் இடையிலுள்ள கோடு சொல்லில் இல்லை. இரண்டாம் பொருள் கேட்பவருக்கு எட்டுமா என்பதில் இருக்கிறது. அந்துப்பூச்சி ஒட்டிய பதிவேட்டின் முன் நின்றவர்களுக்கு எட்டிய சிலேடை, பதிவேட்டை மட்டும் கேள்விப்பட்டவர்களுக்குத் தவறான வரலாறு ஆயிற்று.

இந்த எழுத்துகளைப் படிக்கும் தமிழ் வாசகருக்கு மூன்று பழக்கங்கள் உதவும். பொருள் புரியாத பெயரை வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஹீர்ஸ் டூயா கண்ணுக்குப் பிடிபடாது. தலைப்பில் பொருத்தமில்லாமல் ஒரு பன்றியோ காற்றோ வந்தால், பின்னால் ஒரு பாட்டோ பழமொழியோ திரிந்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். மிக எளிதாகப் புரிந்துவிடும் சொல்லை நம்பக் கூடாது. 'ஃபிட்', 'சிக்னிஃபிகன்ட்', 'ட்ரிக்' போன்றவை புதிரென்று அறிவித்துக்கொண்டு வருவதில்லை.

சிலேடையின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதற்கு ஆல்ஃபரின் வாழ்க்கையை விடத் தெளிவான சான்று இல்லை. கணக்கில் பெரும்பங்கு அவருடையது. பெத்தே, காமோ என்ற இரண்டு பெரிய பெயர்களுக்கு முன் நின்றதால், ஓசை நயத்துக்காகச் சேர்க்கப்பட்டவர் அவரே என்று நினைக்க இடம் ஏற்பட்டது. அதே 1948இல் ஹெர்மனோடு சேர்ந்து அவர் முன்னறிந்து சொன்ன அண்டப் பின்னணிக் கதிர்வீச்சைப் பின்னர் கண்டறிந்த வேறு இருவருக்கு 1978இல் நோபல் கிடைத்தது. ஆல்ஃபருக்கு அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் 2007 ஜூலையில் வழங்கப்பட்டபோது, அவரால் நேரில் போக முடியவில்லை, மகன் வாங்கிவந்தார். அடுத்த மாதம் ஆல்ஃபர் காலமானார். அந்தக் கட்டுரையை இயற்பியலாளர்கள் இன்றும் 'ஆல்ஃபா பீட்டா காமா' என்றே அழைக்கிறார்கள்.